ஐந்து நாட்டார்க்கு ஒரு குரல்: சேர் ஜோன் கொத்தலாவலையின் வரலாறு

தூது என்பது தமிழர்க்குப் புதிய பொருளன்று. வள்ளுவர் அதற்கெனத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். அதியமான் பொருட்டு ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்ற செய்தியைப் புறநானூறு நமக்கு அறிவிக்கின்றது. ஆயினும் அங்கெல்லாம் ஓர் அரசன் சொல்லை மற்றோர் அரசனிடம் ஒருவர் கொண்டு செல்வதே முறை. பல அரசர் ஒருங்கு கூடித் தம்முள் ஒரு சொல்லை ஆக்கி, அதனைத் தம் எல்லார்க்கும் உரிய சொல்லாக உலகத்தார் முன் வைப்பது வேறொரு கலை. மூவேந்தரும் ஓரிடத்தே வீற்றிருந்தமை கண்டு ஔவையார் பாடிய பாட்டும் புறநானூற்றில் உண்டு. புலவர் பாடி வைக்கும் அளவிற்கு அக்காட்சி அரிதாயிருந்தது போலும்.

அவ்வரிய கலையை எம் இலங்கைத் தீவிலே கையாண்டவர் ஒருவரின் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுகின்றேன். அவர் இலங்கையின் மூன்றாவது பிரதம மந்திரியாயிருந்த சேர் ஜோன் கொத்தலாவலை. பசறைத் தோட்டப்புறத்திலே பிறந்து, இங்கேயே தமிழ் கற்பித்து வரும் யான் இவரைப் பற்றி எழுதுதற்கு ஒரு காரணம் உண்டு. ஆசிய நாடுகள் ஐந்துக்கு ஒரு குரல் தேடிக் கொடுத்த அதே 1954ஆம் ஆண்டில், இவர் எம் மலையக மக்களின் தலைவிதியைப் பற்றியும் ஒரு தாளிற் கையொப்பமிட்டார். இவ்விரு செயல்களையும் சேர்த்து நோக்கும்பொழுதுதான் நாடுகளின் கூட்டுக்குரல் எவ்வாறு பிறக்கின்றது என்பதும், அது எதனை விலையாகக் கொடுத்துப் பிறக்கின்றது என்பதும் நன்கு புலனாகும்.

இளமையும் அரசியற் பிரவேசமும்

சேர் ஜோன் 1890களிற் பிறந்தவர். தந்தையார் பொலிஸ் உத்தியோகத்திலிருந்து விலகி வர்த்தகத்துட் புகுந்தவர். தாயார் அலிஸ் அம்மையார், காரீயச் சுரங்கங்களாற் பெருஞ்செல்வம் ஈட்டிய அத்திகலைக் குடும்பத்துப் பெண்மணி. 1907ஆம் ஆண்டளவிலே இக்குடும்பத்தின்மீது பேரிடி ஒன்று வீழ்ந்தது. தந்தையார் தம் மைத்துனரின் கொலை தொடர்பாகக் குற்றஞ் சாட்டப்பட்டு, வழக்கு முடியுமுன்னரே சிறையில் உயிர் நீத்தார். அப்பொழுது ஜோன் பள்ளிச் சிறுவர். தாயாரே சுரங்கங்களையும் நிலபுலங்களையும் கட்டிக் காத்து மக்களை ஆளாக்கினார். தாயாரின் சகோதரியை மணந்தவர் எவ். ஆர். சேனாநாயக்கா, பின்னாளில் இலங்கையின் முதலாவது பிரதம மந்திரியாக வந்த டி. எஸ். சேனாநாயக்காவின் தமையனார். இவ்வுறவு இளைஞராகிய ஜோனுக்கு அரசியல் வாயிலைத் திறந்து வைத்தது.

கொழும்பு றோயல் கல்லூரியிற் பயின்றபின், இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜிலே கிறைஸ்ட் கல்லூரியில் விவசாயம் கற்றார். மீண்டு வந்து தோட்டங்களையும் சுரங்கங்களையும் மேற்பார்த்தார். சர்வசன வாக்குரிமை இலங்கைக்கு வந்த 1931ஆம் ஆண்டிலே குருநாகலிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். 1936இல் போக்குவரத்து, வேலைப் பகுதி மந்திரியானார். சுதந்திரத்தின் பின்னரும் போக்குவரத்தும் பொது வேலைகளும் இவர் பொறுப்பிலேயே இருந்தன. லக்ஷபானை நீர்மின் திட்டத்தின் முதற்பகுதி 1950இல் நிறைவெய்தியது இவர் மந்திரியாயிருந்த காலத்திலேதான்.

இயல்பிலே இவர் ஒளிவுமறைவு அறியாதவர். நினைத்ததை நினைத்தவாறே உரத்துச் சொல்லுபவர். அதனால் நண்பரையும் பெற்றார், பகைவரையும் பெற்றார். இரத்மலானையில் இருந்த இவருடைய கந்தவளை இல்லத்திலே காலை விருந்துக்கு அப்பமும் முட்டையப்பமும் பரிமாறப்படுவது ஊரறிந்த செய்தி. குதிரையேற்றமும் படைப்பயிற்சியும் இவருக்கு உவப்பானவை. இத்தகையவர் சொல்லை நிறுத்து அளந்து பேச வேண்டிய தூதுத் தொழிலிற் புகுந்தார் என்பதே இவர் வரலாற்றின் சுவை.

1952 மார்ச்சு மாதம் டி. எஸ். சேனாநாயக்கா குதிரையினின்றும் வீழ்ந்து காலமானார். மூத்த மந்திரியாகிய தமக்கே பிரதம மந்திரிப் பதவி வரும் என்று சேர் ஜோன் எதிர்பார்த்தார். பதவியோ மறைந்தவரின் மைந்தர் டட்லி சேனாநாயக்காவுக்குச் சென்றது. மறு ஆண்டிலே கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு உயர்ந்தது. 1953 ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடெங்கும் ஹர்த்தால் மூண்டு, துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் மாண்டன. மனமுடைந்த டட்லி பதவி துறந்தார். ஒக்டோபர் 12ஆம் திகதி சேர் ஜோன் பிரதம மந்திரியானார்.

தில்லியில் இட்ட கையொப்பம்

பதவியேற்ற மூன்றாம் மாதத்திலேயே இவர் தில்லி சென்றார். காரணம் எம் மக்கள். 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டு 3ஆம் இலக்க இந்திய பாக்கிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டமும் தோட்டப்புற மக்களை நாட்டின் வாயிற்படியிலே நிறுத்தி வைத்திருந்தன. 1949இல் நிறைவேறிய தேர்தற் சட்டத் திருத்தம் பிரஜையல்லாதார்க்கு வாக்கு இல்லையென்று வகுத்தது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் எழுவர் பார்லிமெண்டு சென்றனர். எமது பதுளைத் தொகுதியும் அவ்வெழுவருள் ஒருவரைத் தந்தது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலிலோ ஒருவரும் இல்லை.

பதிவுக்காக விண்ணப்பித்தோர் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர். என் பாட்டனாரும் அவருள் ஒருவர். மணமானவர் 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன் ஏழாண்டுகளும், மணமாகாதவர் பத்தாண்டுகளும் இந்நாட்டிலே இடையறாது வசித்தமையை நிறுவுதல் வேண்டும். கொழுந்துக் கூடையும் கவ்வாத்துக் கத்தியுமே உடைமையாகக் கொண்டு, லயத்து அறையிலே வாழ்ந்தவர்கள் காகிதச் சான்றுக்கு எங்கே போவார்கள்? என் பாட்டனாரின் விண்ணப்பம் சான்று போதாதென்று தள்ளப்பட்டது. அக்கடிதம் நெடுநாள் எம் வீட்டுத் தகரப் பெட்டியிலே இருந்தது. எண்ணுங்கால், விண்ணப்பித்தோரில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கினருக்கே இச்சட்டத்தாற் பிரஜாவுரிமை கிடைத்தது.

1954 ஜனவரி 18ஆம் திகதி நேருவும் கொத்தலாவலையும் தில்லியிலே உடன்படிக்கை ஒன்றிற் கையொப்பமிட்டனர். கள்ளக் குடியேற்றத்தைத் தடுப்பதென்றும், இலங்கைப் பிரஜைகளாகப் பதியும் வேலையை விரைவில் முடிப்பதென்றும், பதியப்படுவோருக்குப் பத்தாண்டுகளுக்குத் தனி வாக்காளர் இடாப்பு வைப்பதென்றும், ஏனையோர் இந்தியப் பிரஜைகளாகப் பதிய ஊக்கமளிப்பதென்றும் அதில் எழுதப்பட்டது. ஆனால் பதிவு மறுக்கப்பட்டவர் யார் மக்கள் என்ற வினாவுக்கு விடை இல்லை. இந்தியா ஏற்கும்வரை அவர் நாடற்றவர் என்றது இந்தியா. இலங்கை ஏற்கும்வரை அவர் இந்தியரே என்றது இலங்கை. அவ்வாண்டு ஒக்டோபரில் இருவரும் மீண்டும் தில்லியிற் கூடியபொழுதும் இக்கருத்து வேற்றுமை தீரவில்லை. தீரவில்லை என்பதை அறிக்கையிலே பதிந்துவிட்டுப் பிரிந்தனர்.

கொழும்பிலிருந்து கண்டி வரை

இவ்விரு தில்லிப் பயணங்களுக்கும் இடையிலேதான் சேர் ஜோனின் பெருஞ்செயல் நிகழ்ந்தது. இந்தியா, பாக்கிஸ்தான், பர்மா, இந்தோனேசியா ஆகிய நான்கு நாடுகளின் பிரதம மந்திரிகளையும் அவர் கொழும்புக்கு அழைத்தார். எலிசபெத்து இராணியார் இலங்கைக்கு வந்து சென்ற ஒரு வாரத்துள், 1954 ஏப்பிரல் 28ஆம் திகதி மாநாடு தொடங்கியது. நேரு, பாக்கிஸ்தானின் முகம்மது அலி, பர்மாவின் ஊ நூ, இந்தோனேசியாவின் அலி சாஸ்திரோஅமிஜோயோ ஆகியோர் வந்தனர். ஐந்து நாடுகளும் அண்மையிலே அந்நியர் ஆட்சியினின்றும் விடுபட்டவை. அந்நாளிலிருந்து இவற்றைக் கொழும்பு வல்லரசுகள் என்று உலகப் பத்திரிகைகள் அழைக்கலாயின. வல்லமை சிறிதும் இல்லாத நாடுகளுக்கு அப்பெயர் வாய்த்தது ஒரு வேடிக்கை.

இலங்கை ஏன் முன்வந்து அழைத்தது? இதனை மாணவர் உற்று நோக்குதல் வேண்டும். ஐந்து நாடுகளுள் ஐக்கிய நாடுகள் சபையில் இடம்பெறாதது இலங்கை ஒன்றே. பாக்கிஸ்தான் 1947இலும், பர்மா 1948இலும், இந்தோனேசியா 1950இலும் சேர்ந்துவிட்டன. இந்தியா தொடக்கத்திலிருந்தே உறுப்பு நாடு. இலங்கையின் விண்ணப்பத்தையோ சோவியத்து நாடு தன் மறுப்பு வாக்கினால் 1948 முதல் தடுத்து வந்தது. பிரித்தானியருடன் செய்த பாதுகாப்பு உடன்படிக்கையைக் காட்டி, இலங்கை உண்மையிற் சுதந்திர நாடுதானா என்று அது வினவியது. உலக அவையிலே இருக்கை இல்லாத நாட்டுக்குத் தன் சொல்லைக் கேட்பிக்க ஒரே வழி, இருக்கை உடைய அயலாரோடு சேர்ந்து பேசுவது. தனித்து நின்றாற் கேளாத குரல் கூட்டத்தில் நின்றாற் கேட்கும் என்பதைச் சேர் ஜோன் உணர்ந்திருந்தார்.

காலமும் பொருந்தி வந்தது. இந்தோசீனாவிலே போர் உச்ச நிலையில் இருந்தது. டியன் பியன் பூ என்னும் கோட்டையிலே பிரெஞ்சுப் படை முற்றுகையிடப்பட்டிருந்தது. இப்போரைத் தீர்த்தற்கென ஜெனீவாவிலே வல்லரசுகளின் மாநாடு கூடியிருந்தது. ஆசியாவின் போரைப் பற்றிய அவ்வவையிலே ஆசியாவின் இவ்வைந்து நாடுகளுள் ஒன்றுக்கும் இடமில்லை. ஆதலால் கொழும்பிலே எழும் சொல் ஜெனீவாவின் செவியிற் படுமாறு ஒலிக்க வேண்டியிருந்தது.

ஆனால் ஐவர்க்கும் ஐந்து மனம். போரில் வெளிநாட்டார் எவரும் தலையிடாமைக்கு வல்லரசுகள் உடன்பட வேண்டும் என்பது நேருவின் விருப்பம். அமெரிக்காவோடு நட்பு வளர்த்து வந்த பாக்கிஸ்தானுக்கு அச்சொல் கசந்தது. பொதுவுடைமைக் கட்சிகளின் அயல்நாட்டுத் தூண்டுதலே ஆசியாவின் பேராபத்து என்று வெளிப்படையாக எழுத வேண்டும் என்பது சேர் ஜோனின் பிடிவாதம். அவ்வாறு ஒருபக்கத்தை மட்டும் குறித்தால் அது பனிப்போரில் ஒரு கட்சி சேர்வதாகும் என்று நேருவும் ஊ நூவும் மறுத்தனர். காஷ்மீரத்தைப் பற்றிப் பேச முகம்மது அலி விழைந்தார். நேரு அதற்கு இணங்கவில்லை. ஆசிய ஆபிரிக்க நாடுகள் எல்லாவற்றையும் கூட்டும் பெரு மாநாடு ஒன்று வேண்டும் என்று இந்தோனேசியப் பிரதமர் முன்மொழிந்தபொழுது, ஏனையோர் ஐயுறவோடு கேட்டுக்கொண்டிருந்தனர். மாநாடு கொழும்பிலிருந்து கண்டிக்கு இடம் பெயர்ந்தது. மே 2ஆம் திகதியே இறுதி அறிக்கை வெளிவந்தது.

அவ்வறிக்கையைத் தமிழாசிரியன் கண்கொண்டு நோக்குமிடத்து, கூட்டுக்குரல் ஆக்கும் வழிகள் மூன்று அதிலே புலப்படுகின்றன.

முதலாவது வழி, எல்லாரும் தத்தம் பொருளை வைத்துக்கொள்ளக்கூடிய அகன்ற சொல்லைத் தேடுவது. தலையிடாமை என்ற சொல் கைவிடப்பட்டது. போர் மீண்டும் மூளாமல் தடுக்கும் வழிவகைகளுக்குச் சீனா, பிரித்தானியா, அமெரிக்கா, சோவியத்து நாடு ஆகிய நான்கும் உடன்பட வேண்டும் என்று எழுதப்பட்டது. நேரு தாம் வேண்டியதன் சாரத்தைப் பெற்றார். பாக்கிஸ்தான் தான் வெறுத்த சொல்லினின்றும் தப்பியது.

இரண்டாவது வழி, ஒருவர் அச்சத்தோடு மற்றவர் அச்சத்தையும் சேர்த்து எழுதுவது. பொதுவுடைமையாளராயினும், அதன் எதிர்ப்பாளராயினும், பிறராயினும், வெளியார் எவரும் தம் உள்நாட்டு விவகாரத்திற் புகுவதை எதிர்ப்போம் என்று அறிக்கை கூறியது. சேர் ஜோன் குறித்த பகை அதிலே உண்டு. நேரு அஞ்சிய பகையும் உண்டு.

மூன்றாவது வழி, தீராத வீட்டுவழக்கை அறிக்கையில் எழுதாமலே விட்டுவிடுவது. காஷ்மீரம் அவ்வாறு விடப்பட்டது.

இம்மூன்றினாலும் ஒரு குரல் பிறந்தது. இந்தோசீனாவில் உடனே போர் நிறுத்தம் வேண்டும், அந்நாடுகளின் சுதந்திரத்தைப் பிரான்சு மாற்றமின்றி உறுதிசெய்ய வேண்டும், நீரகக் குண்டுச் சோதனைகள் நிறுத்தப்பட வேண்டும், மக்கள் சீனத்துக்கு ஐக்கிய நாடுகள் சபையில் இடம் வேண்டும், துனீசியாவும் மொரோக்கோவும் விடுதலை பெற வேண்டும் என ஐந்து நாடுகளும் ஒருமுகமாய்க் கூறின. ஐந்து நாட்களின் பின் டியன் பியன் பூ வீழ்ந்தது. ஜெனீவாவில் இருந்த பிரித்தானிய வெளிநாட்டு மந்திரி ஈடன், கொழும்பு நாடுகளின் கருத்தைப் புறந்தள்ளக்கூடாதென்று எண்ணி அவற்றோடு தொடர்பு வைத்திருந்தார். ஜூலை மாதத்திலே போர் நிறுத்தம் கைகூடியபொழுது, அதனை மேற்பார்க்கும் ஆணைக்குழுவுக்கு இந்தியா தலைமை ஏற்றது. கனடாவும் போலந்தும் உடன் இருந்தன. ஐவர் சொல்லாற்றான் போர் நின்றது என்று கூறுவது மிகை. ஆயினும் ஆசியரைக் கேளாமல் ஆசியப் போரைத் தீர்த்தல் இயலாது என்பது அன்று நிலைபெற்றது. அவ்வாண்டு செப்டெம்பரில் மணிலாவிலே அமெரிக்கத் தலைமையிற் படையுடன்படிக்கை எழுந்தபொழுது, ஐவருள் பாக்கிஸ்தான் ஒன்றே சேர்ந்தது. பொதுவுடைமையை அத்துணை வெறுத்த சேர் ஜோன்கூட அதிற் சேராமல் ஒதுங்கி நின்றார்.

பாண்டுங்கில் உரத்த குரல்

இந்தோனேசியப் பிரதமர் கண்டியிலே விடாது வற்புறுத்திய எண்ணம் வீண்போகவில்லை. 1954 டிசெம்பர் இறுதியில் ஐவரும் இந்தோனேசியாவின் போகோர் நகரிற் கூடி, தம்மையும் சேர்த்து முப்பது நாடுகளின் மாநாட்டைத் திட்டமிட்டனர். 1955 ஏப்பிரல் 18 முதல் 24 வரை பாண்டுங் நகரிலே இருபத்தொன்பது நாடுகள் கூடின.

அங்கே சேர் ஜோன் தம் இயல்பைக் காட்டினார். ஏப்பிரல் 21ஆம் திகதி அரசியற் குழுவிலே எழுந்து, மேனாட்டார் குடியேற்ற ஆதிக்கத்தைக் கண்டிக்கும் நாம், கிழக்கு ஐரோப்பாவிலே சோவியத்து நாட்டின்கீழ் அடங்கிக் கிடக்கும் நாடுகளை ஏன் மறந்தோம் என்னும் கருத்தை எழுப்பினார். ஹங்கேரி, போலந்து, ருமேனியா, பல்கேரியா, செக்கோசிலோவாக்கியா, பால்டிக் நாடுகள் எனப் பெயர் சுட்டினார். அவையிலே பெருங் கலக்கம் உண்டாயிற்று. சீனப் பிரதமர் சூ என் லாய் தம் சினத்தை அடக்கிக்கொண்டார். நேரு வெகுண்டு, இவ்வுரையை முன்கூட்டியே தமக்கு ஏன் காட்டவில்லை என்று வினவியதாகவும், தாங்கள் தங்கள் உரையை எனக்குக் காட்டுவதுண்டோ என்று தாம் மாற்றம் உரைத்ததாகவும் சேர் ஜோனே பின்னர் எழுதியிருக்கின்றார். மறுநாள், மாநாட்டைக் குலைப்பது தம் நோக்கமன்று என்று அவர் விளக்கினார். துருக்கி, பாக்கிஸ்தான், ஈராக்கு முதலியன அவர் கருத்தை ஆதரித்தன. வரைவுக் குழுவினர் நெடுநேரம் மன்றாடி, குடியேற்ற ஆதிக்கம் எவ்வடிவில் வந்தாலும் தீதே என்னும் பொருள்பட ஒரு வாசகத்தை அமைத்தனர். சோவியத்து நாட்டின் பெயர் அதில் இல்லை. ஆனால் அதனை உட்கொள்வதற்கு இடம் உண்டு. கண்டியிலே கண்ட அகன்ற சொல்லின் உபாயமே ஈண்டும் கைகொடுத்தது.

இவருடைய குறுக்கீட்டைப் பிழை என்பாரும் உளர், துணிவு என்பாரும் உளர். எனக்குத் தோன்றுவது இது: கூட்டத்திலே எல்லாரும் சொல்லத் தயங்கும் ஒன்றை ஒருவர் சொல்லாவிடின், இறுதியில் எழும் பொதுச்சொல் வெறும் முகமன் ஆகிவிடும். முரண்படுவோர் ஒருவரேனும் இருந்தமையாலேதான் பாண்டுங் அறிக்கை இரு வல்லரசுக் கூட்டங்களையும் பார்த்துப் பேசும் தகுதி பெற்றது.

அவ்வறிக்கை இலங்கைக்கும் ஒரு நன்மை செய்தது. ஐக்கிய நாடுகள் சபையிற் சேர்க்கப்பட வேண்டிய நாடுகளின் வரிசையிலே இலங்கையின் பெயரும் எழுதப்பட்டது. அவ்வாண்டு டிசெம்பர் 14ஆம் திகதி, பதினாறு நாடுகளை ஒருங்கே சேர்க்கும் ஏற்பாட்டில், இலங்கை உறுப்பு நாடாயிற்று. இருக்கை இல்லாத நாடு கூட்டுக்குரலின் வழியே இருக்கை பெற்றது.

வீழ்ச்சியும் இறுதிக் காலமும்

வெளிநாட்டு அவைகளிலே ஐவரைச் சேர்த்தவரால் சொந்த நாட்டிலே இரு மொழியினரைச் சேர்க்க முடியவில்லை. வடபகுதிக்குச் சென்றபொழுது சிங்களத்துக்கும் தமிழுக்கும் சம அந்தஸ்து அளிப்பதாக அவர் வாக்குறுதி கூறினார். தெற்கிலே எதிர்ப்புக் கிளம்பியது. 1956 பெப்ரவரியில் களனியிலே கூடிய ஐக்கிய தேசியக் கட்சி, சிங்களம் மட்டுமே அரச கரும மொழி என்று தீர்மானித்தது. தலைவராகிய சேர் ஜோனும் அதன்வழி நின்றார். ஏப்பிரல் மாதத் தேர்தலில் தொண்ணூற்றைந்து இடங்களில் எட்டே அக்கட்சிக்குக் கிடைத்தன. எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா பிரதம மந்திரியானார்.

கொழும்பு நாடுகளின் கூட்டும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1956 நவம்பரில் சுயஸ் கால்வாய்ப் போரையும் ஹங்கேரிக் கிளர்ச்சியையும் பற்றித் தில்லியிற் கூடியபொழுது பாக்கிஸ்தான் அங்கில்லை. பின்னர் அக்கூட்டு அணிசேரா இயக்கம் என்னும் பெருவெள்ளத்திற் கலந்தது. அவ்வியக்கத்தின் ஐந்தாவது உச்சி மாநாடு 1976இல் கொழும்பிலேயே நடந்தது.

சேர் ஜோன் தம் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி 1956இல் வெளியிட்டார். சில காலம் இங்கிலாந்திலே கெந்து மாகாணத்தில் வாழ்ந்தார். பின் தாயகம் மீண்டு கந்தவளையிலே தங்கி, 1980 ஒக்டோபர் 2ஆம் திகதி காலமானார். அவர் வாழ்ந்த இடத்திலே அவர் பெயரால் அமைந்த பாதுகாப்புக் கல்விநிலையம் இன்று பல்கலைக்கழகமாக விளங்குகின்றது.

அறிக்கையின் எச்சம்

தொல்காப்பியர் எச்சங்கள் பத்து என்று வகுத்தார். சொல்லெச்சம், குறிப்பெச்சம் முதலியவற்றைக் கீழைமொழிக் கல்லூரியிலே யான் கற்றபொழுது, அவை செய்யுளுக்கு மட்டும் உரியவை என்று எண்ணியதுண்டு. நாடுகளின் கூட்டறிக்கைகளுக்கும் அவ்விலக்கணம் பொருந்தும். அங்கே எழுதப்பட்டதை அறிவதோடு, எழுதாது எஞ்சியதையும் அறிதல் வேண்டும்.

1954ஆம் ஆண்டு கண்டி அறிக்கையின் எச்சம் யாது? காஷ்மீரத்தை முன்னரே குறித்தேன். மற்றோர் எச்சம் எம் மக்கள். ஐவரும் கண்டியிலே அமர்ந்திருந்தபொழுது, அந்நகரைச் சூழ்ந்த மலைகளிலும், அப்பால் நுவரெலியாவிலும், ஊவாவிலே நமுனுகுலை அடிவாரத்துப் பசறைத் தோட்டங்களிலும், பிரட்டுக்களத்திலே வரிசை நின்ற இலட்சக்கணக்கானோர் எந்நாட்டினரும் அல்லர். துனீசியரின் உரிமைக்கும் மொரோக்கோவினரின் விடுதலைக்கும் குரல் கொடுத்த அறிக்கையிலே அவர்க்கு ஒரு வரி இல்லை. அவர்களைப் பற்றி மாறுபட்டிருந்த இருவரும் ஒரே மேசையிலே இருந்தனர். அந்த வழக்கை மேசைக்கு வெளியே வைத்தமையாலேதான் இருவரும் ஒரு குரலிற் பேச முடிந்தது.

இதனை ஒருவர்மீது ஏற்றும் குற்றமாக யான் கூறவில்லை. கூட்டுக்குரலின் அமைப்பே அத்தகையது. 1985இல் டாக்காவிலே நிறுவப்பட்ட தென்னாசிய ஒத்துழைப்புச் சங்கத்தின் சாசனம் இதனை வெளிப்படையான விதியாகவே எழுதிவிட்டது: முடிவுகள் எல்லாம் ஒருமனதாக இருத்தல் வேண்டும், இருநாட்டு வழக்குகளும் பிணக்குக்குரிய பொருள்களும் அங்கே எடுக்கப்படலாகா. அவ்விதியினால் சங்கம் பிறந்தது. ஆனால் வெளியே வைத்த வழக்குகள் அவிந்து போகவில்லை. 2016இல் இஸ்லாமாபாத்திலே கூடவிருந்த அதன் உச்சி மாநாடு, இந்தியாவுக்கும் பாக்கிஸ்தானுக்கும் இடையே மூண்ட பிணக்கினாற் கூடாமலே போயிற்று. வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட வழக்கு வாயிலையே அடைத்துவிட்டது.

எம் வழக்கும் வெளியே நெடுங்காலம் நின்றது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர் கணக்கிடப்பட்டு, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கென்றும், 3 இலட்சம் பேர் இலங்கைக்கென்றும் பிரிக்கப்பட்டனர். எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேர் 1974இல் சரிபாதியாகப் பகிரப்பட்டனர். என் சிறிய பாட்டனாரின் குடும்பம் தலைமன்னாரிற் கப்பலேறியது. என் தந்தையார் குடும்பம் பசறையிலே தங்கியது. ஒரே லயத்து மக்கள் இரு நாட்டினராயினர். 1988ஆம் ஆண்டு 39ஆம் இலக்கச் சட்டத்தின் பின்னரே எனக்குப் பிரஜாவுரிமை உறுதியாயிற்று. அதன்பின்னரே ஆசிரியப் பதவிக்கு விண்ணப்பிக்கும் தகுதி பெற்றேன். 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியிருந்தோரையும் பிரஜைகளாக்கியது. தில்லியிலே தீராது விடப்பட்ட வினாவுக்கு விடை வர ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்றது.

சேர் ஜோன் கொத்தலாவலை சிறிய நாடுகளும் சேர்ந்து பேசினால் உலகம் செவிசாய்க்கும் என்பதைச் செய்து காட்டியவர். அச்சிறப்பு அவர்க்கு என்றும் உரியது. இன்றும் பருவநிலை மாற்றம் பற்றியும், கடன்சுமை பற்றியும், கடல் வளம் பற்றியும் சிறு நாடுகள் கூட்டாகவே பேசவேண்டியிருக்கின்றன. ஆதலின் அவர் கையாண்ட கலை மாணவர்க்குப் பயன் தருவது. என் வகுப்பிலே இவ்வரலாற்றைச் சொல்லும்பொழுதெல்லாம் அவ்வறிக்கையின் பொருளைத் தமிழிலே கரும்பலகையில் எழுதி, யார் யாருக்காகப் பேசப்பட்டது என்று மாணவரிடம் கேட்பேன். பின்னர், யாருக்காகப் பேசப்படவில்லை என்று கேட்பேன். இரண்டாவது வினாவுக்கு விடை சொல்லப் பசறைப் பிள்ளைகளுக்கு நெடுநேரம் ஆவதில்லை.